திருச்சி–யாழ்ப்பாணம்: 184 கி.மீ.க்கு ஏன் ஒரு மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கணக்குகள் மோதிக்கொள்கின்றன. இணையத்தில் தூரம் பார்த்தவர் 'அரை மணி நேரம்தான்' என்கிறார். டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. இரண்டும் தப்பில்லை, அளப்பதுதான் வேறு வேறு.

திருச்சிக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் 99 கடல் மைலுக்குச் சற்று மேல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் 184 கி.மீ. ஆகிறது. சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் சுமார் 160 தான் வரும், 24 கி.மீ. காணாமல் போய்விடும். இந்தக் கோடு பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போய், மல்லிப்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகு பலாலி வரை பாக் நீரிணைதான்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற, சுழல்விசிறி கொண்ட சிறு விமானம். அதன் முழு வேகம் மணிக்குச் சுமார் 510 கி.மீ. அந்த வேகத்திலேயே போனால் 22 நிமிடம் போதும். ஆனால் முழு வேகம் கிடைப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். மேலேறும்போது 300 சொச்சம், ஓடுதளத்தை நெருங்கும்போது 200 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வானில் இருப்பது 35, 40 நிமிடம். டிக்கெட்டில் உள்ளது 'பிளாக் டைம்': விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரை. தரையில் ஊர்ந்துபோவது, அனுமதிக்குக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

காற்றைப் பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. எதிர்க்காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வீசினாலும் இந்தத் தூரத்தில் கூடுவது சில நிமிடம்தான். காற்றின் திசைதான் நேரத்தைத் தின்கிறது. திருச்சி ஓடுதளம் கிழக்கு–மேற்காக உள்ளது. வாடைக்காற்றில் கிழக்கு நோக்கிக் கிளம்பினால் போகும் திசைக்குச் சிறு திருப்பம் போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பி வரவேண்டும். பலாலி ஓடுதளமோ வடகிழக்கு–தென்மேற்காக, வரும் பாதைக்கு ஏறக்குறைய குறுக்கே கிடக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நேராகப் போய் இறங்க வழியில்லை; விலகிப்போய்த் திரும்பித்தான் ஆகவேண்டும்.

'ஜெட் விட்டால் பாதி நேரம்' என்பதும் சரியல்ல. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் தன் வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். சில நிமிடமே மிச்சம். அதோடு பலாலி ஓடுதளம் குட்டையானது. எரிபொருளையும் 22 நிமிடக் கணக்கில் நிரப்ப முடியாது. பலாலியில் இறங்க இயலாவிட்டால் மாற்று விமான நிலையம் போகவும், அங்கே அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையானது தொட்டியில் இருக்கவேண்டும். குட்டை ஓடுதளத்தில் அந்த எடையும் கணக்கில் சேரும்.

இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழிக்கலாம். ஆனால் பலாலியிலிருந்து யாழ் நகருக்குச் சாலையில் இன்னும் சுமார் 16 கி.மீ. உண்டு; வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியகல்வு, குடிவரவு (இமிக்ரேஷன்), சுங்கச் சோதனைக்கும் நேரம் வேண்டும். விமானச் செய்தி வெளியிடும்போது நேர்கோட்டுத் தூரம், வானில் இருக்கும் நேரம், டிக்கெட் நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கே.கே. நகர், திருச்சி