சண்டைக்கோழிக்கு, இரண்டு புட்டி ஜாமோடு

எஸ்லிங்கன், ஜெர்மனி,
ஜூலை 13

அடியே சண்டைக்கோழி,

திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிடு, காத்திருக்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய ஏழு நிமிடக் குரல் செய்திக்கு இன்னும் பதில் போடாத மகராசி நான்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பெரியவன் அப்படியேதான் இருக்கிறான். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜாம் காய்ச்சினேன்.

சிரிக்காதே. உப்புமாவைக் கத்தியால் வெட்டின கதையை மறுபடி ஆரம்பிக்காதே.

நானாக ஆசைப்பட்டுச் செய்ததில்லை. எல்லாம் கீழ்வீட்டுப் பாட்டியால் வந்தது. இந்தப் பக்கத்தில் கேர்வோஹெ என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு வீட்டுக்காரர் பொது மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். இந்த வாரம் உன் முறை என்று கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். நம் வார்டன் அம்மா பிறந்திருக்க வேண்டிய ஊர். பாட்டி தன் முறைக்குப் படியைத் துடைத்தவர், அதே ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வயது எண்பதுக்கு மேல். மாவுக்கட்டுக் கையோடு வந்து என் கதவைத் தட்டி, "ட்ரொய்ப்ளெ பழுத்துத் தொங்குகிறது, குருவி தின்று தீர்ப்பதற்குள் வந்து பறி" என்றார். உதவி கேட்கிற தொனியே இல்லை, உத்தரவு.

கடையில் இதற்கு யொஹானிஸ்பேரெ என்று பெயர். ஜூன் 24-ல் வரும் புனித யோவான் பண்டிகையை ஒட்டிப் பழுப்பதால் அப்படி. இந்த வட்டாரத்து ஷ்வாபியர்களுக்கு மட்டும் அது ட்ரொய்ப்ளெ, அதாவது குட்டித் திராட்சை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, ரத்தச் சிவப்பு, வெயில் பக்கம் பிடித்தால் உள்ளே விதை தெரியும். கொத்தோடு பறித்துவிட்டு, முள்கரண்டியின் பல்லுக்கு நடுவில் காம்பை விட்டு இழுத்தால் பழம் பொலபொலவென்று உதிரும். நாலு கிலோ பழத்தை உதிர்த்து முடிப்பதற்குள் என் இடுப்பு போய்விட்டது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான் விட்டுவைத்த கொத்துகளை நல்ல கையால் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

பறிக்கும்போதே ஒன்றை வாயில் போட்டேன். காது மடல் வரை கூசியது. அப்போது எனக்கு ஒன்று நடந்தது, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் என் கூத்தைக் கேள்.

பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெடிக்கும்வரை வேகவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ராத்திரி முழுக்க அது தானாகச் சொட்ட வேண்டும், தொடக்கூடாது என்றார் பாட்டி. தேங்காய்ப்பால் பிழிந்து பழகிய கை சும்மா இருக்குமா? படுக்கப் போகும் முன் நாலு முறுக்கு முறுக்கினேன். காலையில் பாட்டி சாற்றை ஒரு கிளாஸில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கல். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்தது சர்க்கரை. ஜாமை இறுக வைக்கிற பெக்டினும் சிட்ரிக் அமிலமும் கலந்தே இங்கே அதைப் பொட்டலமாக விற்கிறார்கள், பழத்துக்குச் சர்க்கரை ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று. இவரை நினைத்து நான் இரண்டுக்கு ஒன்று வாங்கினேன். வெறும் சாறு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், முக்கால் லிட்டருக்கு அரைக் கிலோ. இந்தப் பழத்துக்குச் சொந்தமாகவே பெக்டின் அதிகம், சம எடைக்குச் சாதாச் சர்க்கரை போட்டாலே இறுகும், பொட்டலமெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பது பாட்டியின் கட்சி. இருக்கட்டும், நான் சோம்பேறிதான்.

கொதி வந்த பிறகு நாலு நிமிடம் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. நாலு நிமிடம் கழித்துப் பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சின எவளாவது அதை இறக்குவாளா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருபது நிமிடம் விட்டேன். ஆறின பிறகு புட்டியில் கரண்டியைப் போட்டு எடுத்தேன். கரண்டியோடு புட்டியும் வந்தது. நாலு கடலையைப் போட்டிருந்தால் கோவில்பட்டியில் விற்றிருக்கலாம்.

கொதிக்கும்போது ஜாம் தண்ணீராகத்தான் இருக்குமாம், ஆறினால்தான் இறுகுமாம். அடுத்த தடவை பாட்டி ஒரு தட்டை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். அந்தச் சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் தள்ளினால் மேலே தோல் சுருங்க வேண்டும். நாம் கிண்ணத் தண்ணீரில் பாகை விட்டு உருட்டிப் பார்ப்போமே, அதேதான்! முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார்.

இரண்டாவது, மூன்றாவது ஈடு ஜம்மென்று வந்தது. மேலே வந்த நுரையை வழித்து, ரொட்டியில் தடவி என்னிடம் நீட்டினார். காய்ச்சினவளுக்குத்தான் நுரையாம். ஜாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பதிலே இல்லை. திட்டாமல் இருந்தாலே பாராட்டின மாதிரி என்று இந்த ஊரில் பழமொழியே இருக்கிறது. உன் மாமியாருக்கு இங்கே ஒரு வீடு பார்க்கட்டுமா?

புட்டியில் என்ன எழுதுவது என்று வேறு யோசனை. எல்லோரும் வாயால் சொல்வது மார்மலேட். ஆனால் கடைச் சரக்கில் அந்தப் பெயர் ஆரஞ்சு, எலுமிச்சை வகைக்கு மட்டும்தான் என்று ஐரோப்பிய விதி இருந்தது. பிரிட்டிஷ்காரர்களுக்காக வந்த விதி, அவர்கள் யூனியனை விட்டுப் போன பிறகு 2024-ல்தான் தளர்த்த முடிவெடுத்தார்கள். பாட்டி வருஷத்தை மட்டும் எழுதச் சொன்னார்.

சரி. அந்தப் புளிப்பு.

களாக்காய்தான் ஞாபகம் வந்தது. உன் அப்பா ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் மஞ்சள் பையில் கொண்டுவருவாரே, கரட்டில் அவரே பறித்தது, புறங்கையெல்லாம் முள் கீறலோடு. உப்பும் மிளகாய்த்தூளும் தனியாகக் காகிதத்தில் மடித்திருக்கும். பால் உதட்டில் ஒட்டி நாம் இரண்டு பேரும் பேச முடியாமல் முழிப்போம். "இப்பத்தான்மா காதுக்கு நிம்மதி" என்பார். எனக்கென்று ஒரு பிடி எப்போதும் தனியாக இருக்கும்.

பங்குனியில் அவர் போனபோது நான் என்ன செய்தேன்? வாட்ஸப்பில் இரண்டு வரியும் கும்பிடுகிற கை ஒன்றும். டிக்கெட் விலை, லீவு, பையன் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஃபோன் பண்ண டிக்கெட் எதற்கு? உன் குரலைக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாசம் ஓடியது, அப்புறம் பண்ணவே வெட்கம். அந்தச் செடி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். புளிப்பு தாங்காமல் கண் கலங்குகிறது என்று நினைத்து, நன்றாகச் சிவந்த கொத்தாகப் பார்த்து நீட்டினார் பாட்டி.

கடைசி நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கியதா? என்ன கேட்டார்? பக்கத்தில் யார் இருந்தீர்கள்? நான் எதையுமே கேட்கவில்லை. எழுது. எழுத முடியாவிட்டால் குரலிலேயே அனுப்பு, ஒரு மணி நேரமானாலும் கேட்பேன்.

கரட்டுக்குப் போகிற வழி இன்னும் இருக்கிறதா, பிளாட் போட்டுவிட்டார்களா? செடி இருந்தால் நீயும் காய்ச்சிப் பார். களாக்காயிலும் பெக்டின் நிறைய. நன்றாகக் கனிந்ததில் அது குறைந்துவிடும், அதனால் செங்காயும் கொஞ்சம் சேர்த்துக்கொள். பால் போக நாலு தண்ணீர் கழுவு. நமக்கு அந்தப் பொட்டலம் வேண்டாம், சாற்றின் எடைக்குச் சாதாச் சர்க்கரை. நாலு நிமிடக் கணக்கு இதற்குச் செல்லாது, தட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டே இரு. துணியைப் பிழியாதே.

இவருடைய தம்பி ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். இரண்டு புட்டி கொடுத்தனுப்புகிறேன். ஒன்று நல்லது, ஒன்று கோவில்பட்டி. எது எது என்று கரண்டியைப் போட்டால் தெரியும்.

உன்
புளி மூட்டை

பி.கு.: ஜாமும் திரவக் கணக்குதான், கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று அவரிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். வந்து சேராவிட்டால் அவரைத் திட்டு, என்னை இல்லை.