முதல் மின்னணுக் கணினி: விடையைத் திருத்துங்கள்

கணினி அறிவியல் பாடநூல்களும் பொது அறிவு வழிகாட்டிகளும் எழுதுவோருக்கு, வினாத்தாள் தயாரிப்போருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புக்குக் கணினி அறிவியல் நடத்துகிறவள் நான். "உலகின் முதல் மின்னணுக் கணினி எது?" என்று கேட்டு, "எனியாக், 1946" என்று ஒற்றை வரியில், அமெரிக்காவில் செய்த கணினியின் பெயரை விடையாக எழுதப் பழக்கிவிட்டோம். அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1944 தொடக்கத்திலேயே, இரண்டாம் உலகப் போரின்போது, எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் மையமாக இருந்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் கொலோசஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மன் தளபதிகள் லோரன்ஸ் எந்திரத்தில் ரகசியக் குறியீடாக்கி அனுப்பிய செய்திகளை உடைப்பதற்காகச் செய்த கணினி அது. துளையிட்ட காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. வடிவமைத்த டாமி ஃபிளவர்ஸ் கிழக்கு லண்டன் கொத்தனார் ஒருவரின் மகன். அஞ்சல் துறையின் ஆய்வு நிலையத்தில் தொலைபேசிப் பொறியாளர்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளை (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்களை) வைத்துச் செய்யலாம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஒன்று மாற்றி ஒன்று எரிந்துபோகும் என்றார்கள். வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளுக்கு அந்தச் சந்தேகம் புரியும். ஆனால் தொலைபேசி வேலையில் ஃபிளவர்ஸ் கண்டறிந்தது வேறு: அடிக்கடி அணைத்துப் போடாமல் ஓடவிட்டால் வால்வு நெடுநாள் உழைக்கும். நம் வீட்டுக் குண்டு பல்பும் ஸ்விட்சைப் போடும் நொடியில்தானே பெரும்பாலும் ஃபியூஸ் ஆகும்? இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது. தன் கைக்காசையும் போட்டு ஃபிளவர்ஸ் கொலோசஸைக் கட்டி முடித்தார். போர் முடிவதற்குள் 10 கொலோசஸ்கள் வேலை செய்தன.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ரகசியம் காக்க வேண்டுமென்று 8 எந்திரங்களைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களைத் தன் கையாலேயே கொதிகலன் நெருப்பில் போட்டார் ஃபிளவர்ஸ். அரசு கொடுத்த 1,000 பவுண்டு அவர் செலவழித்ததற்கே ஈடாகவில்லை. பிறகு கணினி செய்ய வங்கியில் கடன் கேட்டார். அப்படி ஓர் எந்திரம் வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே செய்து காட்டியவர், அதைச் சொல்ல முடியாமல் திரும்பினார். 1970-களின் நடுவில்தான் செய்தி வெளியே வரத் தொடங்கியது.

எனியாக்கின் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. கொலோசஸ் குறியீடு உடைக்க மட்டுமே பிறந்தது. எனியாக் பலவகைக் கணக்குகளுக்கும் ஏற்றது. சரி, "முதல் பொதுப்பயன் மின்னணுக் கணினி எனியாக்" என்றே எழுதுங்கள். அதற்கு முன்னால் கொலோசஸுக்கும் அதைச் செய்தவருக்கும் ஒரு பத்தி கொடுங்கள்.

போன வருடம் வகுப்புத் தேர்வில் ஒரு மாணவி "கொலோசஸ்" என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் போட்டேன். "பப்ளிக் எக்ஸாமில் போடுவார்களா, மிஸ்?" என்று கேட்டாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை