எட்டாவது பாட்டில்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

காவிரி நெடுகப் போய் வந்த பயணத்தில் எங்களுக்கு உதவியவர்களுக்கு இந்த மடல். அவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்தவர்களோ, போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இடத்தைச் சொல்கிறேன். படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மார்ச் மாதம், ஏழாம் வகுப்பில், கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், காவிரி கடல்ல கலக்குதுன்னு சொல்றீங்க. நம்மூர் ஆத்துல தண்ணியே இல்லையே. அப்ப என்ன கலக்குது?"

மழைக்காலம், கோடைக்காலம் என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பதினாறு வருஷமாக அந்த ஆற்றைக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் ஒரே இழுப்பாக இழுத்து வருகிறேன். அது தொடங்குகிற இடத்தை நான் பார்த்ததில்லை. பூம்புகார் கடற்கரைக்கு எத்தனையோ முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆறு கடலைத் தொடும் இடம் வரைக்கும் ஒருநாளும் நடந்ததில்லை.

மே மாதம் பதினெட்டு நாள் நானும் என் அத்தையும் அந்தக் கோட்டின் மேலேயே போய் வந்தோம். கணவரின் அம்மா, அறுபத்தெட்டு வயது. "நானும் வர்றேம்மா, காவிரி பொறக்குற எடத்த ஒருதடவ பாத்துடணும்" என்று அவர்தான் முதலில் பை எடுத்து வைத்தார். அத்தை வராவிட்டால் நான் கிளம்பியே இருக்க மாட்டேன். முதல் நன்றி அவருக்கு.

அடுத்த நன்றி என் பள்ளிக்கு. மே மாதம் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போக வேண்டிய வேலை இருந்தது. என் தெருக்களையும் சேர்த்துத் தன் வண்டியிலேயே சுற்றி முடித்த ஆசிரியைக்கு இந்த வெயில் காலத்தை நான் கடன்பட்டிருக்கிறேன். பயிற்சித் தேதிகளை முன்கூட்டியே கேட்டுச் சொன்ன தலைமை ஆசிரியைக்கும் நன்றி. எட்டு கண்ணாடி பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயரை எழுதி ஒட்டித் தந்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொரு இடத்திலும் பாதி தண்ணீர், பாதி ஆற்றின் அடிமண் எடுத்து வருவதாக அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

மயிலாடுதுறையிலிருந்து மைசூருவுக்கு ரயில், அங்கிருந்து மடிக்கேரி, பிறகு பாகமண்டலம். மலைப்பாதையில் அத்தைக்குக் குமட்டலெடுத்தது. அந்தப் பஸ்ஸின் பெண் கண்டக்டருக்குத் தமிழ் நாலு சொல்தான் தெரியும், எனக்குக் கன்னடம் அதுவும் இல்லை. அத்தையை முன் ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். எங்கே போகிறோம் என்று சைகையில் கேட்டார். "காவேரி" என்றார் அத்தை. "காவேரம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் மொழி தேவைப்படவில்லை.

தலைக்காவிரி பிரம்மகிரி மலையில் இருக்கிறது. ஆறு அங்கே ஒரு சின்னச் சதுரக் குண்டிகை, அவ்வளவுதான். நம் வீட்டு முற்றத்துத் தொட்டி அதைவிடப் பெரிது. எனக்குத் தொண்டை அடைத்தது. சுமார் 800 கிலோமீட்டர் ஓடப்போகும் தண்ணீர் அதில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. கீழே பாகமண்டலத்தில் கன்னிகையாறு வந்து சேர்கிறது. அங்கே என் பாட்டிலில் விழுந்தது கல், விரல்கடை அளவுக்குக் கல். படிக்கட்டில் வழுக்காமல் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இறங்கிய கல்லூரிப் பெண்களே, உங்களுக்கு நன்றி.

திருமுக்கூடல் நரசிபுரத்தில் கபினி சேருகிறது. வயநாட்டில் பெய்யும் மழை நம் நாற்றங்காலுக்கு வரும் வழி அது. ஒகேனக்கல்லில் பரிசலைச் சுற்றவிடாமல் மெதுவாகவே ஓட்டிய அண்ணன், தன் அப்பா காலத்தில் மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும்தான் என்று துடுப்பை நிறுத்திவிட்டுக் காட்டினார். பாட்டிலுக்கு மண் கேட்டதும் பரிசலைப் பாறை இடுக்கில் ஒதுக்கி, தானே குனிந்து அள்ளிக் கொடுத்தார். அங்கே கல் கூழாங்கல்லாகியிருந்தது.

மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் பண்ணவாடியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இத்தனையும் நான் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற விவரங்கள். அந்த 120 அடிக்குக் கீழே ஊர்கள் இருந்தன என்று நான் பாடத்தில் சேர்த்ததே இல்லை. தண்ணீர் வற்றும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. நாங்கள் போனபோது நந்தியின் தலை தெரிந்தது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குத் தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மீன்வலை காயப்போட்டிருந்த ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். கயிற்றுக் கட்டில், வேப்பமர நிழல், உப்புப் போட்ட நீராகாரம். அந்த வீட்டு ஆயா விசிறிக்கொண்டே பேசினார். அவருடைய மாமியாரின் ஊர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறதாம். மேடு பார்த்து ஏறி வந்த கதையை அவர் கேட்டு வளர்ந்திருக்கிறார். "எங்கூரு முளுவித்தான் உங்கூருக்குத் தண்ணி வருதுங்க கண்ணு. நல்லா வெளையட்டும்" என்றார். அதில் புகார் எதுவும் இல்லை. அத்தை எழுந்து உட்கார்ந்து, அந்த ஆயாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறுபது வருஷமாக நெல் அவிக்கிற வீட்டிலிருந்து வந்தவர் அவர். நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவள்தான். ஆயா, நாங்கள் இரண்டு நாள் உங்கள் வீட்டில் தங்கியதற்கு நீங்கள் பணம் வாங்கவில்லை. இந்த வருஷத்திலிருந்து மேட்டூர்ப் பாடத்தை உங்கள் மாமியாரின் ஊரிலிருந்துதான் தொடங்குகிறேன்.

பவானி கூடுதுறையில் பாட்டிலில் பருமணல். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து போவதைப் பார்த்துவிட்டுக் கல்லணை வந்தோம். கரிகாலன் கல்லணை ஆற்றுமணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே அடுக்கி எழுப்பியது. ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வியந்து பார்த்த வேலை. அங்கே நின்றுகொண்டு, தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிவதைக் கையை விரித்துக் காட்டிய ஓய்வுபெற்ற பாசன ஊழியருக்கு என் வணக்கம். அங்கிருந்து கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போகிறது. வரைபடத்தில் ஒரே கோடாக நான் இழுத்தது உண்மையில் ஒரு மரத்தின் கிளைகள் மாதிரி இருக்கிறது.

கடைசியாக மேலையூர். காவிரியின் கடைசிக் கதவணை அங்கேதான். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஒகேனக்கல்லில் கண்ணுக்கு எட்டாத அகலத்தில் இருந்த ஆறு, இங்கே வாய்க்கால் அகலத்துக்குக் குறுகிக் கிடந்தது. தண்ணீர் இல்லை. அங்கிருந்து நடந்து முகத்துவாரம் போனால், அலை தள்ளிய மணல் மேடாக அடைத்திருந்தது. திரும்பி வந்து, கதவணையைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் என் மாணவனின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் ஷட்டர் சக்கரத்தில் கை வைத்தபடி சொன்னார்:

"கடல்ல சேர்றது மிச்சம்தான் டீச்சர். ஆறு சேர்ற எடம் வயலு. வழி நெடுக இறக்கி வெச்சிட்டு வருதுல்ல, கடைசில கை வீசிக்கிட்டு வருது. வெள்ளம் வந்தா அந்த மணலை ஆறே ஒடச்சிக்கும்."

ஐயா, பதினாறு வருஷப் பாடத்தை நீங்கள் திருத்திக் கொடுத்தீர்கள். மதிய வெயிலில் உங்கள் குடையை அத்தைக்குப் பிடித்துக்கொண்டே திருத்தினீர்கள்.

பள்ளி திறந்துவிட்டது. பையன் இப்போது எட்டாம் வகுப்பு. ஏழு பாட்டிலையும் ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்து, பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கல், கூழாங்கல், பருமணல், கல்லணைக்கு வரும்போது விரலில் மாவாக ஒட்டும் வண்டல். "டீச்சர், இது நம்ம வயல் மண்ணு" என்று ஒரு பிள்ளை மோந்து பார்த்தே சொன்னாள். லஸ்கர் சொன்னதை அவர் பேச்சிலேயே சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. எட்டாவது பாட்டிலை எடுத்தான். 'மேலையூர்' என்று அவன்தான் எழுதி ஒட்டியிருந்தான். அடியில் மண் மட்டும் இருந்தது, தண்ணீர் இல்லை.

குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. கடைமடைக்கு வந்துசேர இன்னும் பல நாளாகும். அவன் வீடு ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பாட்டிலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "தண்ணி வந்த அன்னிக்கே கொண்டாந்துடறேன் டீச்சர்" என்று வாங்கிப் போயிருக்கிறான்.

அன்புடன்,
காவிரிக் கடைமடையிலிருந்து ஓர் ஆசிரியை