காற்றழுத்தம் இறங்கவில்லை, பணமும் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தீவு நாடுகளின் வறுமைக்குப் பேரிடர்க் காப்பீடே மருந்து என்கிறார்கள். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஜமைக்காவில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. ஆனாலும் அந்நாட்டு அரசு காப்பீடாக வைத்திருந்த 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரத்திலிருந்து சல்லிக்காசு வரவில்லை. அது சேதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. புயல் மையத்தின் காற்றழுத்தம் ஒப்பந்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் பணம். 2025 அக்டோபரில் மெலிசா சூறாவளி தாக்கியபோது முழுத்தொகையும் கிடைத்தது, அரசுக்கு!

ஏழை வீட்டுக்கு முதல் காப்பீடு கூரைதான். காற்று முதலில் ஓரத்தையும் முகட்டையும்தான் பெயர்க்கும். அங்கே தகரத்தை ஆணிக்குப் பதில் திருகாணியால், மற்ற இடங்களைவிட நெருக்கமாகப் பொருத்த வேண்டும். தகரம் மட்டும் இறுகினால் சட்டத்தோடு பறக்கும். ஒவ்வொரு கைமரத்தையும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும். உப்புக்காற்றில் சாதாரணப் பட்டை துருப்பிடித்துவிடும். நிவாரணத் தகரத்தோடு இவற்றையும் சேர்த்தே கொடுக்கலாமே?

– ஒரு வாசகர்