டாஷ்போர்டு பிறகு, முதலில் பில்லைப் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டச்சுப் பயிலகங்கள் இருந்த தெருக்களில் இப்போது டேட்டா அனலிஸ்ட் பயிற்சிப் பலகைகள் தொங்குகின்றன. பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பல இடங்களில் முதல் வாரமே பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் வண்ண வரைபடங்கள் நிறைந்த டாஷ்போர்டு. தரவை அட்டவணைகளாகப் பிரித்துக் கோக்கும் டேட்டா மாடலிங் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம், சில இடங்களில் அதுவும் இல்லை. இந்த வரிசை தலைகீழ். வரைபடம் போட ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அதில் வரும் தொகை ஏன் கணக்காளரின் தொகையோடு ஒத்துப்போகவில்லை என்று முதலாளி கேட்டால், அட்டவணைகளை எப்படிப் பிரித்தோம், எப்படிக் கோத்தோம் என்று தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரு ஜவுளிக்கடை பில்லை எடுத்துக்கொள்வோம். சேலை ஒன்று 2,000 ரூபாய், வேட்டி ஒன்று 600, துண்டு இரண்டு 400. மொத்தம் 3,000. வாங்கியவர் 1,000 ரூபாயை ரொக்கமாகவும் 2,000 ரூபாயை யுபிஐயிலும் கட்டுகிறார். பில்லிங் மென்பொருளில் பொருள் வரிகள் (ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை) ஓர் அட்டவணையிலும் பணம் வந்த விவரம் இன்னோர் அட்டவணையிலும் இருக்கும். புதிதாகப் படிப்பவர் பில் எண்ணை வைத்து இரண்டையும் ஜாயின் செய்வார், அதாவது ஒரே அட்டவணையாக இணைப்பார். பொருள் வரி மூன்று, பண வரி இரண்டு, ஆக ஆறு வரிகள் வந்து நிற்கும். விற்பனையைக் கூட்டினால் 6,000 ரூபாய், வரவைக் கூட்டினால் 9,000. மென்பொருள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஒரே பொருள், ஒரே வழியில் பணம் என்று இருக்கும் பில்களில் தொகை சரியாகவே வருவதால், நாலைந்து பில்லைச் சோதித்துவிட்டு 'சரியாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவார்கள்.

இதற்கு, ஒரே மாதிரியான வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் டிஸ்டிங்க்ட் கட்டளையைப் போடுவது கை வைத்தியம். கவுண்டரில் ஒரே துண்டை இரண்டு தடவை ஸ்கேன் செய்திருந்தால் அந்த நிஜமான இரண்டாவது வரியையும் அது விழுங்கிவிடும். பொருள் வரிக்கு ஒரு ஃபேக்ட் அட்டவணை (நடந்ததன் தொகைகளைப் பதியும் அட்டவணை), பண வரவுக்குத் தனியாக இன்னொன்று என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் தேதி, கிளை போன்ற பொதுவான டைமென்ஷன் அட்டவணைகள் (தொகையை எந்தக் கோணத்தில் பார்ப்பது என்ற விவரங்கள் உள்ளவை) வழியாக மட்டும் சேர்ப்பதே முறை. பில் மொத்தத்துக்கு 300 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதை விலை விகிதப்படி 200, 60, 40 என்று மூன்று வரிகளுக்கும் பங்கிட வேண்டும். பங்கிடும்போது மிஞ்சும் பைசாவைப் பெரிய வரியில் சேர்த்துவிடலாம். பங்கிடாமல் ஒவ்வொரு வரியிலும் 300 என்றே எழுதிவிட்டால் தள்ளுபடி 900 ஆகிவிடும்.

தரவுக் கிடங்கு வடிவமைப்பு வல்லுநர் ரால்ஃப் கிம்பால் வகுத்த நான்கு படிகள் இந்தத் துறையில் இன்றும் புழங்குகின்றன. எந்தத் தொழில் நடவடிக்கை, ஒரு வரி எதைக் குறிக்கிறது, எந்தெந்தக் கோணத்தில் பார்க்கப்போகிறோம், எதை அளக்கிறோம் என்பதே அந்த வரிசை. இரண்டாவது கேள்விக்கு 'ஒரு வரி என்பது ஒரு பில்லில் உள்ள ஒரு பொருள்' என்று ஒரே வாக்கியத்தில் மாணவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவர் கணினியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

டைமென்ஷன் அட்டவணை மாறாமல் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. தென்காசியில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்பு அந்தக் கிளை திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் இருந்தது. கிளை அட்டவணையில் மாவட்டப் பெயரை அழித்து எழுதினால் 2018ஆம் ஆண்டு விற்பனையும் தென்காசிக்குப் போய்விடும். அச்சாகிக் கோப்பில் இருக்கும் பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் மோதும். ஆகவே பழைய வரியை 2019 நவம்பர் 21 என்று முடித்து, 22இல் தொடங்கும் புதிய வரியைச் சேர்க்க வேண்டும். நடப்பு வரியின் முடிவுத் தேதியாக 9999 டிசம்பர் 31 போடுவது வழக்கம். பழைய வரி முடிவதும் புதிய வரி தொடங்குவதும் 22 என்றே இருந்தால் அன்றைய விற்பனை இரட்டிப்பாகும். ஒரு நாள் இடைவெளி விழுந்தால் அந்த நாளின் விற்பனை காணாமல் போகும். கிளைக் குறியீடு இப்போது இரண்டு வரிகளில் வருவதால் அதை வரியை அடையாளம் காட்டும் சாவியாக வைக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தமில்லாத ஒரு வரிசை எண் கொடுத்து அதைத்தான் ஃபேக்ட் அட்டவணையில் எழுத வேண்டும். வெறும் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு இந்தப் பாடு வேண்டாம், அழித்தே எழுதலாம். 'இன்றைய மாவட்டம்' என்று ஒரு நெடுவரிசை கூடுதலாக வைத்தால் இப்போதைய எல்லைப்படி பழைய விற்பனையைப் பார்க்க விரும்புபவரும் திருப்தி அடைவார்.

ஜிஎஸ்டி விகிதமும் இப்படித்தான். 1,800 ரூபாய் ஆயத்த ஆடைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22இலிருந்து 5 சதவீதம். 216 ரூபாய் வரி 90 ஆயிற்று. விகிதத்தைப் பொருள் அட்டவணையில் மட்டும் வைத்து அறிக்கையில் பெருக்கிக்கொள்பவர், அதைத் திருத்திய அன்றே பழைய பில்களின் வரியையும் குறைத்துவிடுகிறார். விற்ற அன்று இருந்த விகிதமும் வரித்தொகையும் விற்பனை அட்டவணையின் அந்தந்த வரிசையிலேயே இருக்க வேண்டும்.

தேதிக்கென்று தனி அட்டவணை கட்டாயம். விற்பனை இல்லாத நாளும் அதில் இருக்க வேண்டும், நாளுக்கு ஒரு வரி. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஜனவரி முதல் மார்ச் வரை முந்தைய ஆண்டின் நான்காம் காலாண்டு. பவர் பிஐயில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டும் கணக்குகள் தாமாக ஜனவரியையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளும், ஆண்டு முடிவது மார்ச் 31 என்று நாம்தான் சொல்ல வேண்டும். பண்டிகை இன்னும் பெரிய தலைவலி. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் 2024இல் ஜவுளி விற்பனை எகிறியதுபோலவும் அந்த நவம்பரில் கடை படுத்துவிட்டதுபோலவும் தெரியும். தேதி அட்டவணையில் 'தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்' என்றொரு நெடுவரிசை சேர்த்துவிட்டால் 20ஆம் நாளை 20ஆம் நாளோடு ஒப்பிடலாம். ஆடித் தள்ளுபடிக்கும் அப்படியே.

கூட்டக் கூடாதவையும் உண்டு. தினமும் 500 உருப்படி இருப்பு உள்ள கடையில் 30 நாளைக் கூட்டினால் 15,000 வரும், அப்படி ஒரு சரக்கு எங்கும் இல்லை. இருப்புக்கு மாதக் கடைசி நாளின் எண்ணிக்கை போதும். லாப சதவீதத்தின் சராசரியும் ஏமாற்றும். 10 லட்சம் விற்று 1 லட்சம் லாபம் பார்த்த கிளைக்கு 10 சதவீதம், 1 லட்சம் விற்று 30,000 பார்த்த கிளைக்கு 30 சதவீதம், சராசரி 20 என்பார்கள். மொத்த லாபம் 1,30,000 ரூபாயை மொத்த விற்பனை 11 லட்சத்தால் வகுத்தால் 11.8தான்.

பயிற்சிக்குப் பெரிய கணினி வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், பவர் பிஐ டெஸ்க்டாப் இரண்டும் இலவசம். மூவாயிரம் பில் வரிகளை எடுத்துக்கொண்டு அதில் வேண்டுமென்றே கோளாறு சேர்க்கட்டும்: திரும்பி வந்த சரக்கு, வாடிக்கையாளர் எண் இல்லாத பில், பொருள் பட்டியலில் இரண்டு தடவை வரும் ஒரே குறியீடு. ஒவ்வொரு ஜாயினுக்குப் பிறகும் வரிகளை எண்ண வேண்டும். 3,000 உள்ளே போனால் 3,000 வெளியே வர வேண்டும். கூடினால் பொருள் பட்டியலில் இரட்டைக் குறியீடு இருக்கிறது. அதே குறியீட்டோடு பவர் பிஐயில் இணைத்தால் 'பலவற்றுக்குப் பல' உறவு என்று ஓர் எச்சரிக்கை வரும், படிக்காமல் ஓகே கொடுப்பவர்களே அதிகம். 3,000 குறைந்தால் வாடிக்கையாளர் இல்லாத பில் உதிர்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் டைமென்ஷனில் -1 என்ற எண்ணில் 'தெரியாதவர்' என்று ஒரு வரி வைத்து அந்த பில்களை அதில் சேர்க்கலாம். திரும்பிய சரக்கை அழிக்காமல் கழித்தல் குறியோடு தனி வரியாக எழுத வேண்டும். எக்செல் வழியாக வரும் கோப்பில் தேயிலையின் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகைக் குறியீடு) 0902 என்பது 902 ஆகியிருக்கும், குறியீடுகளை எண்ணாக அல்லாமல் எழுத்தாகவே ஏற்ற வேண்டும். கடைசியில் மாத மொத்தத்தை ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்) தொகையோடு ஒத்துப் பார்த்த பிறகு வரைபடத்துக்குப் போகலாம்.

தங்கள் கல்விப் பக்கத்தில் இந்தப் பயிற்சிகளைப் பற்றி எழுதும்போது, பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். தேதி அட்டவணை எந்த வாரத்தில் வருகிறது? திரும்பி வந்த சரக்கு உள்ள பில்களை மாணவர் கையில் கொடுக்கிறீர்களா?

இப்படிக்கு,
அறிக்கைத் தரவுப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்