ஜப்பானிய மொழி மாணவர் சங்கம், மதுரை: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நமக்குப் பாடம் எடுக்கும் சென்செய் இருவருக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

எத்தனை வகுப்பு நடந்தது, யார் யார் சேர்ந்தார்கள் என்ற விவரமெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டை மேசைமேல் வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கல்லூரிப் படிப்பு கழுத்தை நெரிக்கும்போது ஜப்பானிய மொழியைக் கைவிடாமல் எப்படிக் காப்பாற்றுவது என்ற ஒரு விஷயத்தைத்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஆண்டு முழுக்க நம் சங்கம் மெனக்கெட்டது அதற்காகத்தான்.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பொறியியல் மாணவர்கள். பி.காம்., பாலிடெக்னிக், நர்சிங் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடித்தால் வீடு திரும்ப மாலை ஆகிவிடும். அப்புறம் ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், இன்டர்னல். மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் பிளேஸ்மென்ட் பயிற்சி மாலை நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. வார்டில் நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக வகுப்புக்கு வந்து உட்காரும் நர்சிங் மாணவிகள் நம்மிடம் உண்டு. மாலையில் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே படிக்கிற ஒரு தங்கையும் உண்டு. இவர்களிடம் போய் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒதுக்குவதற்கு அப்படி ஒரு மணி நேரம் அவர்களிடம் இருந்தால்தானே?

ஆகவே செயற்குழு முதலில் கை வைத்தது தேர்வுத் தேதியில். ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலை முதல் ஞாயிறும் டிசம்பர் முதல் ஞாயிறும் நடக்கிறது. இதுவரை நம் பிள்ளைகள் டிசம்பரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் வகுப்பில் சேர்ந்து, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பதிவு செய்து, டிசம்பரில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் நவம்பரும் டிசம்பரும் செமஸ்டர் தேர்வு மாதங்கள். வெள்ளிக்கிழமை கணக்குப் பேப்பரை முடித்துவிட்டு, சனிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு சென்னையில் ஜப்பானியம் எழுதிவிட்டு, அன்றிரவே கிளம்பி வந்து, திங்கள் காலை அடுத்த பேப்பருக்கு உட்கார்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வுக்கே போக முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள்தான் அவர்கள், தேதிதான் அவர்களுக்கு எதிராக இருந்தது.

2025இல் பிரதானக் குழுவை ஜூலைக்கு மாற்றினோம். டிசம்பர் செமஸ்டர் முடிந்ததும் வருகிற விடுமுறையில் ஹிராகனா, கத்தகனா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் முடித்துவிடலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பாடம். ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டருக்கு வழிவிட்டுவிட்டு, அது முடிந்த கையோடு மாதிரித் தேர்வுகளில் இறங்கலாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு இன்னும் வசதி, கல்லூரியே முடிந்திருக்கும். ஜூலை 6 அன்று இந்தக் குழு சென்னையில் எழுதியது, ஆகஸ்ட் இறுதியில் முடிவு வந்தது. தேறியவர்களின் பட்டியலை வாசலில் ஒட்டியிருக்கிறோம். எல்லாரும் தேறிவிடவில்லை. ஆனால் செமஸ்டர் காரணமாக ஒருவர்கூடத் தேர்வைத் தவறவிடவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். சில கல்லூரிகளில் செமஸ்டர் ஜூன் வரை இழுத்துக்கொண்டு போனது உண்மை. அவர்களுக்குப் பயிற்சி நாட்கள் குறைந்தன, ஆனாலும் மோதல் இல்லை. டிசம்பரை இனி பட்டம் முடித்தவர்களும் அடுத்த நிலைக்குப் போகிறவர்களும் வைத்துக்கொள்ளட்டும் என்பது செயற்குழுவின் கருத்து, என் கருத்தும் அதுவே.

அடுத்தது அன்றாடப் படிப்பு. மொழிப் படிப்பை ஒரு மாதம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் திரும்பினால் பாதி போயிருக்கும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தன் நினைவாற்றலையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதி வைத்தது இதைத்தான். கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே கழன்றுவிடுகிறது, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் தங்குகிறது. அதனால் செமஸ்டர் நேரத்தில் படிப்பைச் சுருக்கலாம், ஆனால் அடியோடு நிறுத்தக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சாதாரண வாரங்களில் புதுச்சொல், இலக்கணம், கேட்டல் எல்லாம் உண்டு. இன்டர்னல் வாரத்தில் புதிய இலக்கணம் கிடையாது. செமஸ்டர் வாரங்களில் ஏற்கெனவே படித்த சொல் அட்டைகளை மட்டும், காலை டீ ஆறுவதற்குள் முடிகிற அளவுக்குப் புரட்டினால் போதும்.

அட்டை என்றதும் நம் அட்டைப்பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் வெள்ளையாக, நல்ல கனமாக இருக்கும். வீட்டில் கிடந்த பத்திரிகைகளை எல்லாரும் கொண்டுவந்து, நாலாக வெட்டி, செருப்புப் பெட்டியில் தடுப்பு வைத்து ஐந்து அறைகள் பிரித்தோம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் பரப்பிய முறை இது. ஒரு அட்டையில் 'மாட்சு', அதாவது காத்திருத்தல். இன்னொன்றில் 'மோட்சு', கையில் வைத்திருத்தல். இரண்டு காஞ்சியிலும் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளிலும்) வலப்பக்கம் கோயிலைக் குறிக்கும் எழுத்துதான் இருக்கிறது. இடப்பக்கக் கீற்றுதான் வேறு, ஒன்றில் நடை, மற்றதில் கை. இந்த இரண்டு அட்டைகளும் பல பேருடைய பெட்டியில் முதல் அறையை விட்டு நகரவே மாட்டோம் என்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் தம்பி எழுந்து, "கோயில் வாசல்ல நடந்துகிட்டே இருந்தா காத்திருக்கிறோம், கோயில்ல கையில தேங்காய் பழம் வச்சிருக்கிறோம்" என்றான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அதைக் குழப்பிக்கொள்ளவில்லை.

கைபேசியில் இதே அட்டை வேலையைச் செய்யும் அங்கி (Anki) செயலி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு நாளைக்கு இருபது புதிய அட்டைகள் வரும்படி முதலிலேயே அமைந்திருக்கும். கல்லூரி மாணவருக்கு இது அதிகம். இன்று இருபது புதிது பார்த்தால் அடுத்தடுத்த நாட்களில் அவை எல்லாம் திரும்பி வந்து நிற்கும். ஒரு இன்டர்னல் வாரம் திறக்காமல் விட்டால் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும், அந்த எண்ணைப் பார்த்துப் பயந்தே செயலியை நீக்கியவர்கள் நம்மிடம் உண்டு. ஐந்தாகக் குறைத்து வையுங்கள். செமஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். பழையது மட்டும் வந்துகொண்டிருக்கும், அது தானாகவே நாளுக்கு நாள் குறையும்.

ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலையான என்5இல் தவறியவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் கேட்டலில்தான் அடி விழுந்திருக்கிறது. மொத்தம் 180க்கு 80 எடுத்தால் மட்டும் போதாது. கேட்டலில் 60க்கு 19, மற்ற பகுதியில் 120க்கு 38 தனித்தனியாகத் தாண்டியாக வேண்டும். நூறுக்கு மேல் எடுத்தும் கேட்டலில் 19 வராமல் தேறாமல் போன தம்பி ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். டிசம்பரில் தேறியும்விட்டான். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், திருப்பிப் போட மாட்டார்கள். கேட்டலுக்குத் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பேருந்து நேரமே போதும். பாடத்தின் உரையாடலை முதலில் சும்மா கேட்பது, மறுநாள் கேட்டுக்கொண்டே அரை நொடி பின்னால் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனத்தின் என்.ஹெச்.கே. வேர்ல்டு தரும் இலவசப் பாடங்களும் சின்னச் சின்னதாக இருப்பதால் இதற்குத் தோதாக இருக்கின்றன.

நேரத்தை மிச்சப்படுத்திய இன்னொரு மாற்றம், இலக்கணத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது. நாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானியத்துக்கு வந்துகொண்டிருந்தோம். இது ஊரைச் சுற்றிப் போகிற வழி. ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'கரா' என்றால் இருந்து, 'மாதே' என்றால் வரை, 'மோ' என்றால் உம். கேள்விக்கு நாம் கடைசியில் ஆ சேர்க்கிற இடத்தில் அவர்கள் கா சேர்க்கிறார்கள். 'கொரே, சொரே, அரே' என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டுதான் உண்டு. நம் பழந்தமிழில் இது, உது, அது என்று மூன்றும் உண்டு, யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசுகிறார்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று எழுதினார், மொழியியலாளர் பலரும் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் அவர்களோடு இருக்கட்டும். வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவதே நமக்குப் பெரிய உதவி. ஆங்கில வழியில் இரண்டு வகுப்பு எடுத்த பாடங்கள் சில ஒரே வகுப்பில் முடிந்தன என்று சென்செய்யே சொன்னார்.

பெற்றோரிடம் சில வார்த்தைகள். ஜப்பானியம் படித்தால் அரியர் விழுந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. சங்கத்தின் நிலை தெளிவாக இருக்கிறது: டிகிரிதான் முதலில். பொறியாளராக ஜப்பானுக்குப் போக நினைப்பவருக்கு அந்த விசாப் பிரிவில் பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட கால வேலை அனுபவம் காட்ட வேண்டும். மொழிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. நர்சிங் பிள்ளைகளில் சிலர் 2019இல் ஜப்பான் தொடங்கிய குறித்த திறனாளர் விசாவில் பராமரிப்புப் பணிக்குப் போக நினைக்கிறார்கள். அவர்களுக்கு என்5க்கு அடுத்த நிலையான என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற இன்னொரு ஜப்பானிய மொழித் தேர்வோடு பராமரிப்புக்கான தேர்வுகளும் உண்டு. ஜே.எஃப்.டி. கணினியில் எழுதுவது, ஆண்டுக்கு இரண்டு தேதி என்ற கட்டு அதற்கு இல்லை. போஸ்டிங் அட்டவணைக்கு ஏற்றபடி எழுதலாம் என்பதால் அவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம். அரியர் வைத்திருக்கும் உறுப்பினர் ஒரு தேர்வைத் தள்ளிப்போடலாம். வகுப்பிலிருந்து யாரையும் நிறுத்த மாட்டோம். ஜே.எல்.பி.டி. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை.

வகுப்பைச் சனி மாலையிலிருந்து ஞாயிறு காலைக்கு மாற்றியதற்கு உசிலம்பட்டிப் பக்கம் போகிற மாணவிகள்தான் காரணம். இருட்டில் பேருந்துக்குக் காத்திருக்க வைத்துவிட்டு மொழி சொல்லிக்கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. விடுதி மாணவிகளுக்கும் கேட் நேரப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது. தனியாகப் படிக்க வீட்டில் இடம் இல்லாதவர்கள் நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் வருகிறார்கள். மற்ற பிள்ளைகளும் போய்ப் பாருங்கள். நடுவில் நின்றுபோனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வந்தாலும் எந்தப் பாடத்தில் விட்டார்களோ அதிலிருந்தே சேர்த்துக்கொள்வோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கணக்கு தணிக்கை முடிந்துவிட்டது.

இனி ஜூலைத் தேர்வுக்கான வேலை. பதிவு மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இனிஷியலை விரித்து எழுதுவதில் எல்லாருக்கும் சந்தேகம் வருகிறது, ஆகையால் விண்ணப்பம் அனுப்புமுன் இணைச்செயலாளர் அக்காவிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். கல்லூரி தேர்வு அட்டவணை வெளியான அன்றே அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், மாதிரித் தேர்வுத் தேதிகளை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். என்4க்கு அடுத்த நிலையான என்3க்குக் குழு தொடங்க ஆர்வம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். அதில் மூன்று பகுதியிலும் தனித்தனியாக 19 எடுத்தாக வேண்டும், காஞ்சியும் கூடுதல், அதனால் மூன்றாம் ஆண்டுப் பிளேஸ்மென்ட் நேரத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. முடித்த பாடநூல்களை அடுத்த வகுப்புக்குள் அலமாரியில் சேர்த்துவிடுங்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அட்டை வெட்டப் பத்திரிகைகளும் தேவைப்படுகின்றன, பெற்றோர் வீட்டில் இருப்பதைக் கொடுத்து உதவ வேண்டும்.

ஊதியம் எதிர்பாராமல் ஞாயிறுகளை நமக்குத் தந்த சென்செய் இருவருக்கும், இடம் தந்து மின்விசிறிக் கட்டணத்தைக்கூட வாங்க மறுத்த மண்டப உரிமையாளருக்கும் சங்கத்தின் நன்றி. பிரதானக் குழுவுக்கு ஜூலைத் தேர்வையே நிரந்தரமாக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு விவாதித்து நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்