தெருவில் தண்ணீர் வடியவும் குழாயில் தண்ணீர் தெளியவும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மழை விட்டால் தெருவில் தண்ணீர் இப்போது நிற்பதில்லை. கடைசி வீட்டுக் குழாயிலும் நாற்றமில்லாத தண்ணீர் வருகிறது. ‘நகராட்சிக்கு மனு கொடுத்தோம், வேலை நடந்தது’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் இதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் உழைப்பு காணாமல் போய்விடும். யார் செய்த எந்தக் காரியம் வேலையை ஓர் அடி நகர்த்தியது என்பதை எழுதிவைப்பதே உங்களுக்கு நாங்கள் சொல்லும் நன்றி. இதே குறையோடு நகராட்சிப் படியேறப் போகும் வேறு தெருக்காரர்களுக்கும் இது உதவட்டும் என்றுதான் அளவுகளையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் தபால் பிரிவு எழுத்தர் அம்மாவுக்கு. மழைநீர், குடிநீர், தெருவிளக்கு மூன்றும் ஒரே மனுவில் இருந்தன. அப்படிப்பட்ட மனு முதலில் எந்தப் பிரிவுக்குப் போகிறதோ அங்கேயே தங்கிவிடும், மற்ற இரண்டு குறைகளும் யார் மேசைக்கும் போகாது என்று எடுத்துச் சொல்லி, மூன்றாகப் பிரிக்க வைத்தீர்கள். ஒவ்வொன்றிலும் கதவு எண் அல்லது கம்ப எண், எத்தனை நாளாக, எந்த நேரத்தில், என்ன கேட்கிறோம் ஆகிய நான்கும் முதல் ஐந்து வரிக்குள் வரவேண்டும் என்றீர்கள். எங்கள் நகலில் முத்திரையும் தேதியும் பதிவெண்ணும் இட்டுத் தந்தீர்கள். பின்னர் ஒரு புகார் வேலை முடியாமலேயே ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவானபோது, புது மனு போடாமல் பழைய எண்ணிலேயே மறுபடி திறக்க முடிந்தது அந்த நகலால்தான். புது மனு போட்டிருந்தால் காத்திருந்த நாட்களின் கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

மழை கொட்டும்போது குடையோடு வெளியே வந்து சுற்றுச்சுவர்களில் நீர்மட்டத்தைக் கோடிட்ட பிள்ளைகளுக்கு நன்றி. சாக்பீஸ் மழையில் கரைந்துவிடும் என்று மெழுகுக் குச்சியைக் கொண்டுவந்தது உங்கள் யோசனை. மழை விட்ட நேரத்தில் ஒரு கோடு, பிறகு 15, 30, 60 நிமிடங்களில் ஒவ்வொரு கோடு. வெறும் படத்தைக் காட்டினால் ‘தண்ணீர் நிற்கிறது’ என்பது மட்டுமே தெரியும். கோடுகளோ காரணத்தையே சொல்லிவிடும். எல்லா மட்டமும் மெதுவாக, சீராக இறங்கினால் கீழே எங்கோ வடிகால் அடைத்திருக்கிறது. வேகமாக இறங்கி, கடைசி சில சென்டிமீட்டர் மட்டும் அசையாமல் நின்றால் அந்த இடம் பள்ளம், அல்லது வடிகாலுக்குள் நீர் இறங்கும் வாய் சாலையைவிட உயரம். இங்கே இரண்டும் கலந்திருந்தன. முதல் அரை மணி நேரத்தில் மெதுவாக இறங்கிய தண்ணீர், பிறகு ஒரே இடத்தில் தங்கிவிட்டது.

அந்தப் பள்ளத்தை அளந்து காட்டியவர் மேஸ்திரி ஐயா. இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம் என்று தன் டியூப் லெவலையே கொடுத்தார். விரல் தடிமனில் ஒளி ஊடுருவும் குழாய், 20 மீட்டர் நீளம், உள்ளே தண்ணீர். ஒரு முனையை நிலையான ஓர் அடையாளத்தில் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டுபோனால் இரண்டு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். அதிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று நாடாவால் அளக்க வேண்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை காற்றுக்குமிழியைப் பற்றியது. நடுவில் ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். அதனால் தண்ணீரை வாளியிலிருந்து உறிஞ்சி மெதுவாக நிரப்ப வேண்டும். அளக்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முனையைக் கட்டைவிரலால் மூடியபடி படித்தாலும் அளவு தவறும். இப்படி அளந்ததில்தான், தெருவின் நடுவில் ஒரு பழைய பள்ளக்கோடு நெடுக இறங்கியிருப்பதும், நீர் இறங்கும் வாய் அதைவிட 4 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதும் தெரிந்தன. தண்ணீர் 4 சென்டிமீட்டர் ஏறினால்தான் வாயையே எட்டும்! தார்ச்சாலைக்கு நடுமேட்டிலிருந்து ஓரம் வரை 2 சதவீதமாவது சரிவு வேண்டும். மூன்றரை மீட்டர் அரை அகலத்துக்கு அது 7 சென்டிமீட்டர். இங்கே நடுமேடே பள்ளமாகியிருந்தது.

இளநிலைப் பொறியாளர் அந்த அளவுத் தாளை ஒதுக்கித் தள்ளாமல், தன் கருவியால் மூன்று இடங்களில் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டார். வடிகால் மூடிகளை ஒரே இடத்தில் அல்லாமல் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் திறக்கச் சொன்னதும் அவரே. நடுவில் பாதி உயரத்துக்கு வண்டல். பாதி அடைத்தால் பாதித் தண்ணீர் போகும் என்றுதான் பலரும் நினைப்போம். 60 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வடிகாலில் பாதி ஆழம் வண்டலானால் ஏறக்குறைய 40 சதவீதத் தண்ணீர்தான் போகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இடம் குறைவதோடு, நீருக்கும் சுவருக்கும் உராய்வு கூடுவதால் வேகமும் குறைகிறது. நீரோட்டம் நொடிக்கு 0.6 மீட்டராவது இல்லாவிட்டால் மண் கீழே படிந்துகொண்டே இருக்கும். அதனால் வெறுமனே வாரினால் போதாது, அடித்தளச் சரிவையும் பார்க்க வேண்டும் என்று மதிப்பீட்டில் எழுதினார்.

வண்டலை வாரிய தூய்மைப் பணியாளர்களே, உங்களுக்கு எங்கள் தலை தாழ்ந்த வணக்கம். வாரிய சேற்றை நீர் வடிய ஓரத்தில் வைத்து, மறுநாளே வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். அந்த இரண்டாவது வேலை நடக்காத இடங்களில் அடுத்த மழை அதே சேற்றை அதே வடிகாலுக்குள் தள்ளிவிடும். பிறகு ‘வாரியும் பயனில்லை’ என்ற பேச்சு வரும். வடிகால் கடைசியில் சேரும் சாக்கடைக் குழியில் ஆளை இறக்கக் கூடாது, இயந்திரம் வரும்வரை நான்கு நாள் தண்ணீர் நின்றாலும் நிற்கட்டும் என்று உங்கள் மேற்பார்வையாளர் உறுதியாக நின்றதற்குத் தனி நன்றி. அந்தக் குழிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு, அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. ‘சீக்கிரம் இறங்கி எடுத்துவிடுங்கள்’ என்று எந்தத் தெருக்காரரும் கேட்கவே கூடாது.

அடுத்தது குடிநீர். இதில்தான் அதிகம் பேர் உழைத்திருக்கிறீர்கள்.

தண்ணீர் வந்த நேரம், நாற்றமும் நிறமும் போய்த் தெளிந்த நேரம், இரண்டையும் ஏழு நாள் விடாமல் எழுதிய எல்லா வீட்டாருக்கும் நன்றி. உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் வந்தபோதும் ‘எங்களுக்குக் குறையில்லை’ என்று எழுதித் தந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் நன்றி. கெட்ட தண்ணீர் வரும் வீடுகளை மட்டும் குறித்தால் தொல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நல்ல தண்ணீர் வரும் கடைசி வீட்டுக்கும் கெட்ட தண்ணீர் வரும் முதல் வீட்டுக்கும் இடையே கோடு போட்டால்தான் தோண்டும் இடம் சுருங்கும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கெட்டுவந்தால் குறை பெரும்பாலும் அந்த வீட்டு இணைப்பிலோ தொட்டியிலோதான் இருக்கும். அதற்காகத் தெருவைத் தோண்ட வேண்டாம்.

வீடு வீடாகக் குறித்து வரைபடம் போடும் இந்த வழிக்கு வயது அதிகம். 1854இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகள் பிராட் தெருவின் ஒரு கைப்பம்பைச் சுற்றியே குவிந்திருப்பதைக் கண்டு, செப்டம்பர் 7 அன்று அந்தப் பகுதி நிர்வாகக் குழுவின் முன் போய் நின்றார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் சொன்னதை நம்பாமலே விசாரிக்கத் தொடங்கிய உள்ளூர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர் என்பதால், முதலில் நோயுற்ற குழந்தையின் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டுக் கழிவுக்குழியின் இடிந்த செங்கற்கட்டு வழியாகத்தான் கிணற்றுக்குள் கழிவு கசிந்தது. மருத்துவரின் கணக்கும் தெருவை அறிந்தவரின் நினைவும் சேர்ந்தே அந்தப் புதிர் அவிழ்ந்தது. உங்கள் நோட்டுத் தாள்களை ஒட்டி வரைந்த படத்தைப் பார்க்கும்போது அவர்கள் இருவரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வால்வு திறந்துவிடும் அண்ணன், குழாய் எங்கே வளைகிறது, எங்கே வடிகாலைக் குறுக்கே கடக்கிறது என்பதை நினைவிலிருந்தே சொன்னார். அலுவலக வரைபடத்தில் அந்தக் கடப்பு இல்லை. தண்ணீர் விடாத நேரங்களில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது விரிசலுக்கு வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே நுழையும். தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடங்கள் அதுதான் வெளியே வரும். பிறகு தெளிந்துவிடும். அதிகாரி பத்து மணிக்கு வந்து பார்க்கும்போது ‘தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றுவதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே விடியற்காலையில் முதல் தண்ணீருக்கே வந்து நின்ற ஆய்வகப் பணியாளருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் நீரில் ஒரு மாதிரி, சில நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று என இரண்டு எடுத்தீர்கள். குளோரினை அங்கேயே சோதித்தீர்கள். அது நேரமாக ஆகக் குறைந்துகொண்டே போகும், ஆய்வகத்துக்குப் போய்ச் சோதித்தால் பயனில்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். வினைப்பொருள் சேர்த்தும் இளஞ்சிவப்பு நிறம் துளியும் வராததை எல்லோரும் பார்த்தோம். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், அதில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது என்று விளக்கினீர்கள். வீட்டுப் பாட்டிலில் பிடித்துப்போகும் மாதிரியை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தது. அந்த ஒரு தாள் வந்தபின் யாரும் எங்களிடம் சான்று கேட்கவில்லை.

தெருக்குழாயில் நேரடியாக மாட்டியிருந்த மோட்டாரை, யாரும் வற்புறுத்தாமல் கழற்றிய வீட்டார்களே, நீங்கள் செய்தது சிறிய உதவியல்ல. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். அழுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகும்.

தோண்டிப் பார்த்தபோது மூன்று மனுவில் இரண்டு ஒரே இடத்தில் வந்து நின்றன. மேஸ்திரி அளந்த பள்ளக்கோட்டுக்கு அடியில்தான் குழாய் இணைப்பு விலகியிருந்தது. முன்பு எப்போதோ குழாய் பதித்தவர்கள் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடியிருக்க வேண்டும். மண் மெல்ல இறங்கியதில் மேலே சாலை தாழ்ந்தது, கீழே இணைப்பு பிரிந்தது. பிளம்பர்களும் குழியில் நின்றவர்களும் இந்த முறை அவசரப்படவில்லை. குழாயை வடிகாலுக்கு மேலாக, அரை மீட்டர் இடைவெளியில் உயர்த்திக் கடத்தினீர்கள். இணைக்கும் பாகங்களை கிருமியைக் கொல்லும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்தீர்கள். கடைசி வீட்டில் குளோரின் நிறம் தெரியும்வரை தண்ணீரை வெளியே ஓடவிட்டீர்கள். அதுவரை கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கிய தண்ணீரையே குடிக்கும்படி வீடு வீடாகச் சொன்ன செவிலியர் அக்காவுக்கும் நன்றி. பள்ளத்தை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் ஈரப்படுத்தி இடித்து மூடினீர்கள். தார் போடும் முன் ஓரங்களை நேராக வெட்டியதால் ஒட்டு பிடித்திருக்கிறது.

விளக்குக் குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்ப எண்களை வரிசையாக எழுதிவந்த இரவுப் பணிக்காரருக்கு நன்றி. ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் குறை அந்த விளக்கில். ஒரு கம்பத்துக்கு அப்பால் எல்லாமே அணைந்திருந்தால் குறை வயரில் அல்லது ஃபியூஸில். பகலிலும் எரிந்தால் ஒளியுணரியில் அல்லது டைமரில். அவர் பட்டியல் இப்படிப் பிரிந்திருந்ததால் மின்பணியாளர் ஒரே தடவையில் தேவையான பொருளோடு வந்தார்.

நான்கு பிரிவுகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தெருவில் நிற்கவைத்த நகர்மன்ற உறுப்பினருக்கும் நன்றி. குடிநீர்ப் பிரிவு வேலை முடித்தபின் சாலைப் பிரிவு வரவேண்டும் என்ற வரிசை அங்கே முடிவாகி, அப்போதே எழுதிக் கையெழுத்தானது. அது மாறியிருந்தால் புதுத் தாரையே மறுபடி வெட்ட வேண்டி வந்திருக்கும்.

இன்னும் இரண்டு நீர்வாய்கள் உயரமாகவே இருக்கின்றன. அடுத்த மதிப்பீட்டில் அவற்றைச் சேர்த்த உதவிப் பொறியாளருக்கு நன்றி. பதிவெண் நோட்டில் இருக்கிறது. மூடிய பள்ளத்தில் மண் இறங்குகிறதா என்று முதல் பெருமழைக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும். டியூப் லெவலை அதுவரை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி ஐயா.

நன்றியுடன்,
தெருக் குடியிருப்போர்